எழுதாமல் விட்ட மிச்சம்

ஸ்கேன் முடிவு சொல்ல டாக்டர் கூப்பிட்டிருந்த அன்று கெர்லிண்டே விடியுமுன்பே எழுந்து உட்கார்ந்துவிட்டாள். உடம்பு இளைக்கப் பதினோரு மாதமாகக் கருப்பு ரொட்டி, பயறு, குன்றேறி நடை. துணைக்குச் சேர்ந்த புருஷன் ஓட்மார் எட்டுக் கிலோ இளைத்துவிட்டான். இவள் தொப்பை மட்டும் அசைவேனா என்றது.

"தொப்பைக்குப் பட்டா போட்டுக் குடுத்துட்டியாடி?"

"சும்மா இருய்யா. எனக்கு ஈரக்குலையே நடுங்குது."

சும்மா நடுங்கவில்லை. அவள் அப்பாவிடமிருந்து சர்க்கரை வியாதி முதலில் கால்விரலை எடுத்தது, பிறகு முழங்கால் வரை, கடைசியில் கண்ணையும். வெட்டின காலுக்குக் கட்டு மாற்றியவள் இவள்தான். அந்த வாடையை மறக்க முடியுமா?

டியூபிங்கன் நகர ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டர் சைஃப்ரீட் அம்மாள் முன்பே விளக்கியிருந்தார். சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலின் மூளைக்கும் போய், 'போதும்' என்று சொல்லும். சிலர் மூளைக்கு அது காதிலேயே விழாது. அவர்களுக்கு வயிற்றுக்குள் சேர்ந்த கொழுப்பு லேசில் கரையாது, கரைந்தாலும் திரும்பி வந்துவிடும்; சர்க்கரை வியாதிக்கு வாசலே அந்தக் கொழுப்புதான். அதைச் சோதிக்க, போன வாரம் அவள் மூக்கில் இன்சுலினைப் பீய்ச்சி, ஸ்கேன் குழாய்க்குள் தள்ளினார்கள். டமடமவென்ற சத்தத்துக்கு நடுவே, 'கேளு சனியனே, கேளு' என்று தன் மூளையிடமே கெஞ்சினாள்.

"நல்ல சேதிம்மா. உங்க மூளை நல்லாவே கேட்குது," என்றார் டாக்டர்.

ஓட்மார் தொடையில் தட்டிச் சிரித்தான். டாக்டர், அவள் தினமும் சாப்பிட்டதை எழுதிவந்த நோட்டைப் புரட்டினார்.

"இதுல எழுதினது மட்டும்தான் சாப்பிடுறீங்கன்னா, இந்நேரம் இளைச்சிருக்கணுமே. எழுதாம ஏதாவது...?"

"சத்தியமா இல்ல..." என்று தொடங்கியவளுக்குச் சட்டி வழிப்பது ஞாபகம் வந்தது.

அவள் பள்ளிக்கூடச் சமையற்காரி. பிள்ளைகள் மிச்சம் வைத்த அரை இறைச்சிக் கொழுக்கட்டை, சட்டி அடியில் நிற்கும் குழம்பு எல்லாம் அவள் வாய்க்குத்தான் போகும். சிக்கனத்துக்குப் பேர்போன இந்தப் பக்கத்து ஸ்வாபியர் வீட்டில் சாப்பாட்டைக் கொட்டுவதா? போர்க்காலத்தில் பட்டினி கிடந்த அப்பா, தட்டைத் துடைத்துச் சாப்பிடச் சொல்லியே அவளை வளர்த்தார். வழித்துப் போட்டுக்கொள்வது சாப்பாட்டில் சேர்த்தி என்றே அவளுக்குத் தோன்றவில்லை. அதனால் எழுதவும் இல்லை.

இதையெல்லாம் அவள் டாக்டரிடம் சொல்லி முடித்ததும் ஓட்மார், "இறைச்சி ஆகாத புனித வெள்ளியில அதைக் கொழுக்கட்டை மாவுக்குள்ள ஒளிச்சு சாமியையே ஏமாத்துற ஊரும்மா எங்களோடது. நீங்க எம்மாத்திரம்!" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "மூளை செவிடுன்னா அது மேல பழியப் போட்டிருப்பேன். இப்ப யார் மேல போட?" என்றாள்.

மறுநாள் மதியம் பள்ளிக்கூட அடுப்படிக்கு, கைபடாத இறைச்சிக் கொழுக்கட்டை ஒன்று தட்டில் திரும்பி வந்தது. கை தானாக நீண்டது. அதுவரை ஒரு ரொட்டித் துணுக்கைக்கூடக் குப்பையில் போட்டவள் இல்லை. அப்பாவின் கால் கண்முன் வந்தது. தட்டைக் கவிழ்த்தாள். கொழுக்கட்டை குப்பைத்தொட்டியில் விழுந்த சத்தத்துக்கே திடுக்கிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.