கடிக்காத ரொட்டி

எங்கள் சமையலறைச் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. போன ஆடியில் ஒரு பகல் முழுக்க அதில் ஒரு வாய் கடித்த பன் நூலில் தொங்கியது. வேலைக்கு வரும் பெண் அதைப் பார்த்துவிட்டு, "டாக்டரம்மா, எறும்பு ஏறுது, கோழிக்குப் போட்டுரட்டா?" என்று கேட்டாள். தொட்டால் கையை ஒடிப்பேன் என்றேன். அவளிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை.

இது தூத்துக்குடிப் பழக்கம் அல்ல. சோவியத் நாடு ஒன்றாக இருந்த காலத்தில் தாஷ்கண்டில் மருத்துவம் படித்தேன். எங்கள் விடுதிக் காப்பாளர் ஓர் உஸ்பெக் அம்மாள். அவர் சிரித்துப் பார்த்தவர் யாருமில்லை. மீன் கிடைக்காமல் நான் இளைத்துப் போனதாக அவராகவே முடிவு கட்டி, வாரம் ஒருநாள் தம் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போடுவார். அந்த வீட்டுச் சுவரில் வட்ட ரொட்டி ஒன்று கறுத்துக் கல்லாக இறுகித் தொங்கியது. அங்கே தூரதேசம் கிளம்புகிறவர் ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போக வேண்டும். மிச்சம் சுவரில் தொங்கும். அவரே திரும்பி வந்து தின்று முடிக்க வேண்டும். ரொட்டி அவரை இழுத்து வந்துவிடும் என்று நம்பிக்கை. ஆனால் இந்த ரொட்டியில் ஒரு பல்கூடப் படவில்லை. ஏன் என்று மூன்றாம் ஆண்டில்தான் கேட்கத் துணிந்தேன்.

காப்பாளரின் அப்பா வக்கீல். 1930களின் கடைசியில் பருத்தி விவசாயிகள் சிலரைத் தேசத் துரோகிகள் என்று கூண்டில் ஏற்றியபோது, "சாட்சி எங்கே?" என்று கேட்டாராம். அவ்வளவுதான். அதே வாரம் விடியற்காலையில் ரகசியப் போலீஸார் இருவர் வந்து அழைத்தார்கள். மனைவி ரொட்டியை நீட்டினார். "நான் என்ன ஊருக்கா போகிறேன்? சட்டம் தெரிந்தவன். டீ ஆறுவதற்குள் வந்துவிடுவேன்" என்று சொல்லி, ஏழு வயது மகளாக இருந்த காப்பாளரின் கன்னத்தைத் தட்டிவிட்டு அவர் கிளம்பினார். வீட்டைச் சோதித்தால் இன்னொரு குற்றம் சேருமே என்று பயந்து, அவருடைய காகிதங்களையும் பழைய புத்தகங்களையும் மனைவி அன்றே தந்தூர் அடுப்பில் போட்டார். அந்தத் தணலிலேயே ரொட்டி சுட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். கடிக்காத ரொட்டியை மட்டும் ஆணியில் மாட்டினார். இருபது வருடம் கழித்து அரசாங்கத்திடமிருந்து ஒரு காகிதம் வந்தது. அவர்மேல் குற்றம் ஏதுமில்லையாம். எங்கே புதைத்தார்கள் என்று அதில் எழுதவில்லை.

"ஒரு வாய் கடிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?" என்று காப்பாளர் என்னைக் கேட்டார். ஐம்பது வயதைத் தாண்டியவர், அப்போதும் அப்பாமேல் கோபம் தீராமல் இருந்தார். படிப்பு முடிந்து நான் கிளம்பிய அன்று எனக்கும் ரொட்டி நீட்டி, நன்றாகக் கடி என்றார். கடித்தேன். வருவேன் என்றும் சொன்னேன்.

என் மகனும் வக்கீல்தான். உப்பளத் தொழிலாளர்களுக்காக ஒரு வழக்கு நடத்துகிறான். போன ஆடியில், காலை டீயைக் கையில் எடுத்தபோது இரண்டு போலீஸ்காரர்கள் விசாரணைக்கு என்று வந்து நின்றார்கள். "சும்மா ஒரு கையெழுத்துதாம்மா. டீ ஆறுறதுக்குள்ள வந்துருதேன்" என்றான். தாஷ்கண்டுக் கதையை நான் அவனிடம் சொன்னதே இல்லை. கைக்கு அகப்பட்டது பேக்கரி பன்தான். அதை நீட்டிக்கொண்டு வாசலை மறித்தேன்.

"கடிச்சிட்டுப் போலே."

"எம்மா, அவங்க சிரிக்காங்க."

"சிரிக்கட்டும். கடி."

கடித்தான்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்து சேர்ந்தான். பன்னை இறக்கி, எறும்பைத் தட்டி, டீயில் தோய்த்துத் தின்றான். நான் உட்கார்ந்து அழுதேன். தனக்காக அழுவதாக நினைத்து என் தோளைத் தட்டிக்கொடுத்தான். பாதி அவனுக்காகத்தான்.

காப்பாளர் இருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருப்பார். அந்த நாடு சிதறிப் போனது. கல்யாணம், ஆஸ்பத்திரி, பிள்ளை என்று நானும் போகவில்லை. ஒரு கடிதம்கூடப் போடவில்லை. அவர் அப்பாவைத் திரும்ப விடாதவர்கள் இருந்தார்கள். என்னை யாரும் தடுக்கவில்லை. ஆணியை இன்னும் பிடுங்காமல் வைத்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம், அந்தச் சுவரில் முழு ரொட்டிக்குப் பக்கத்தில் என் பல் பதிந்த ரொட்டியும் தொங்குவது தெரிகிறது.