பக்கத்துப் பந்தல்

கோபம் எனக்குப் பெறக்கும்போதே கூட வந்தது. ஏழு வருஷத்துக்கு முன்ன ஆத்துல முங்கி ஞானஸ்நானம் எடுத்தன்னைக்கு, அது தண்ணியோட போயிருச்சுன்னுதேன் நெனச்சேன். ஞாயித்துக்கெழம சபையில சாட்சி சொல்லக் கூப்பிட்டா மொத ஆளா எந்திரிப்பேன். "கர்த்தர் என்னைய மாத்திட்டாரு"ன்னு நான் சொல்லையில எம் பொண்டாட்டி தலையக் குனிஞ்சுக்கிருவா. வீட்டுல இருக்கவளுக்குத் தெரியாததா?

போன ஆடியில எங்க மக்காச்சோளத்துல களை மண்டிப் போச்சு. எங்களுக்குக் கெழக்கால பக்கத்துத் தோட்டத்து அண்ணனோட திராட்சைப் பந்தல். வருஷா வருஷம் பழனிக்கு நடந்து போற ஆளு அவுக. காத்தடிக்கையில திராட்சைக்குப் பக்கத்துல களைக்கொல்லி அடிக்கக் கூடாதுன்னு எங்க பக்கம் பச்சப்பிள்ளைக்கும் தெரியும். காத்துல போய்ப் பட்டாலே கொடி சுருண்டுரும். அன்னைக்கு விடியக் காத்து இல்ல. பாதி அடிச்சிருக்கையில மேக்க இருந்து எறங்கிருச்சு. மருந்தடிக்க வந்தவரு, "நிப்பாட்டிருவோம்ணே"ன்னாரு. "கலக்குன மருந்தக் கீழயா ஊத்துறது? கொண்டாங்க இங்கன"ன்னு டேங்க வாங்கித் தோள்ல மாட்டி நானே அடிச்சு முடிச்சேன். வீம்பு, வேற என்ன.

பத்து நாள்ல அண்ணன் பந்தல்ல கொழுந்தெல்லாம் விசிறி மாதிரி மடங்கிப் போச்சு. வேலிக்கிட்ட வந்து கேட்டாக: "ஏலே, நீ எதும் களைக்கொல்லி அடிச்சியா?"

"இல்லண்ணே. புழுவுக்குத்தேன் அடிச்சேன்."

வாய் தானாச் சொல்லிருச்சு. "சரிதேன், நீ சபைக்குப் போற ஆளு, பொய்யா சொல்லப் போற"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாக. அதக் கேட்டதுக்கு நாலு அறை வாங்கியிருக்கலாம்.

பூச்சிமருந்துக்கடையில அத வைரஸுன்னுட்டாகளாம். வேரோட பிடுங்கணுமாம். திங்கக்கெழம ஆளு வருதுன்னு அண்ணன் வீட்டு அக்கா எம் பொண்டாட்டிகிட்ட அழுதுருக்காக. பன்னெண்டு வருஷத்துக் கொடி! எனக்குத் தெரியும், அது நோயில்ல. மடங்குன கெளையெல்லாம் கவாத்து வெட்டித் தண்ணி விட்டா மறுபடி தழைச்சிரும். ஆனா அதச் சொன்னா, ஒனக்கு எப்பிடித் தெரியும்னு கேப்பாகல்ல?

ஞாயித்துக்கெழம சாட்சி நேரத்துல பாஸ்டர் என்னையப் பாத்தாரு. நான் எந்திரிக்கல. வீட்டுக்கு வந்து சோத்துல கை வைக்கையில எம் பொண்டாட்டி சொன்னா, "அன்னைக்கு ஒங்க சட்டையத் தொவச்சவ நானு. எனக்குக் களைக்கொல்லி வாடை தெரியாதா?" முன்னயா இருந்தா தட்டு பறந்துருக்கும். "எனக்குப் பயமா இருக்குடி"ன்னேன். கல்யாணம் முடிச்சதுல இருந்து அவகிட்ட நான் அப்பிடிச் சொன்னதே இல்ல.

மறுநா விடிஞ்சதும் அண்ணன் பந்தலுக்குப் போனேன். நாலு பேரு கடப்பாரையோட நிக்காக. அவுக முன்னாடியே சொன்னேன்: "அண்ணே, இது நோயில்லண்ணே. நான் அடிச்ச களைக்கொல்லி. காத்து எறங்கியும் நிப்பாட்டல. நீங்க கேட்டப்பப் பொய் சொன்னேன்."

அடேயப்பா, என்ன ஏச்சு! எங்க அப்பன், பாட்டன் ஒருத்தரையும் விடல. "பைபிளத் தூக்கிட்டு அலையிறியே, வெக்கமா இல்ல?"ன்னாக. நாக்கு நுனி வரைக்கும் பதில் வந்துச்சு, வராம இருக்குமா? முழுங்கிட்டு நின்னேன். அவுக சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லையே.

அண்ணன் மூச்சு வாங்கி நின்னாக. பெறகு ஆளுககிட்ட, "கடப்பாரையக் கீழ போடுங்கப்பா"ன்னாக. எங்கிட்டத் திரும்பி, "கத்தரி இருக்கா? எடுத்துட்டு வா. ஒங் கையால வெட்டு."

நாலு நா வெட்டுனேன். மூணு நா அண்ணன் மொகங்குடுத்துப் பேசல. நாலாம் நா மத்தியானம் அக்கா எனக்கும் சேத்து ஒரு தட்டு வச்சாக. கத்திரிக்கா கொழம்பு. அப்பிடி ஒரு ருசிய நான் சாப்பிட்டதில்ல.

இருபது நா இருக்கும், காலையில அண்ணன் போன் அடிச்சு, "வந்து பாருடா"ன்னாக. பந்தல் பூரா தளிரு. மடக்கம் இல்லாம நல்லா விரிஞ்ச தளிரு. எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு.

"அழுகாத, சனியனே"ன்னாக. பெறகு, "நீ சொல்லாட்டி எனக்குத் தெரியவே தெரியாதேடா. எதுக்குச் சொன்ன?"

"கர்த்தர் விடலண்ணே."

அண்ணன் ஒரு கொழுந்த விரல்ல ஏந்திப் பாத்துக்கிட்டே நின்னாக. "அப்ப, எம் பேருக்கும் சேத்து அவருக்கு ஒரு கும்பிடு போட்டுரு"ன்னாக.