ஊடுவாசல்காரி ஜுனைதா

எங்க கீழக்கரை சங்குக்காரத் தெருவுல, தெரு ஆம்பளைகளுக்குத்தான். பொம்பளைகளுக்கு ஊடுவாசல். வீட்டுக்கு வீடு பக்கச் சுவர்ல ஒரு சின்னக் கதவு; அது வழியா நுழைஞ்சு நுழைஞ்சே தெரு முனை வரைக்கும் போயிரலாம், வெயிலு மேல படாது. ஊடுவாசல்ல வாரவ உரிமைக்காரி, தெருவாசல்ல வந்து நிக்கிறவ விருந்தாளி. இதான் எங்க சட்டம்.

பக்கத்து வீட்டு ஜுனைதா, என் தோழி, கதவைத் தட்டினதே கிடையாது. "காலிதா, என்னடி ஆணம்?"னு கேட்டுக்கிட்டே நேரா அடுப்படிக்கு வந்து குழம்புச் சட்டியைத் திறந்துருவா. மீன்ல பெரிய துண்டு அவளுக்குத்தான். நாசமத்துப் போவா, அவ தின்னாத்தான் எனக்கும் இறங்கும்.

சுதந்திரம் வந்த மறுவருசம் அவளைக் கட்டின மாப்பிள்ளை ஹமீது சுல்தான் கொழும்புக் கடைக்கு அவளையும் கூட்டிட்டுப் போனாரு. போறப்போ, "கதவைத் தாழ் போட்டுறாதடி, பெருநாளுக்கு வந்துருவேன்"னா. எத்தனை பெருநாளு! பாஸ்போர்ட்டு, விசான்னு என்னென்னமோ வந்துச்சு. கூப்பிடு தூரத்துக் கொழும்பு சீமையாப் போச்சு. யாவாரமும் நொடிச்சு, வீட்டை அகமது கபீருக்கு வித்துட்டாக.

அந்தக் கபீரு, கள்ளன் பயம்னு ஊடுவாசலை அடைக்கக் கொத்தனாரைக் கூட்டியாந்துட்டாரு. நான் நிலைப்படியில உக்காந்துட்டேன். "என்னையும் சேத்து வச்சுப் பூசுங்க, கபீரு காக்கா"ன்னேன். அவரு பொண்டாட்டி ரம்ஜான் பீவி சிரிச்சுட்டா. "விடுங்க, இவ தோழி வந்தா எந்த வழியா வருவா?"ன்னா. கதவு பிழைச்சுது. கதவு இருந்து என்ன, வாரவ இல்லையே! பெரிய துண்டைப் பிள்ளைகளுக்குப் போடுறப்பல்லாம் கண்ணு அந்தக் கதவுக்குப் போகும்.

அறுபத்திமூணுல ஒரு நாள் பகல்ல, தெருவாசல்ல சத்தம். "வீட்டுல யாரும் இருக்கீகளா?" போய்ப் பார்த்தா, ஜுனைதா! மாப்பிள்ளை மவுத்தாகி, தம்பி வீட்டோட இருக்க வந்துட்டாளாம். தலையெல்லாம் நரைச்சுக் கிடக்கு. "உள்ள வரலாமா?"ன்னு கேக்குறா, என்கிட்ட!

எனக்கு வந்துச்சே ஆத்திரம். "வரக்கூடாது, போடி! சுத்திப் போயி, நீ வார வழியா வா!"

"அது இப்ப அடுத்தவுக வீடுல்ல, காலிதா..."

"வீடுதான் அவுகளோடது. கதவு உன்னோடதுடி!"

தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போனா. நான் ஓடிப் போயி அடுப்படியில உக்காந்துக்கிட்டேன். பக்கத்து வீட்டுல ரம்ஜான் பீவி குரல் கேட்டுச்சு. ஊடுவாசல் கிரீச்சுன்னுச்சு. தட்டல.

"காலிதா, என்னடி ஆணம்?"

சட்டியில வெறும் பருப்பாணம்தான். அன்னிக்குன்னு பார்த்து மீனு வாங்கலையே, யா அல்லா! அதுக்கும் சேத்து அழுதேன்.