பெயர் தெரியாத கப்பலில் ஒரு சப்பாத்து

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு ஒரு கிறுக்கு இருந்தது. சண்டைக்குத் தப்பி ரொறன்ரோவுக்கு வந்த எங்கள் ஆட்கள் இரண்டு வேலை செய்து வீடு வாங்கிக்கொண்டிருக்க, நான் தொழிற்சாலையில் கூட வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவரோடு ஒன்ராறியோ ஏரியில் சுழியோடப் போவேன். முதுகில் காற்றுச் சிலிண்டர், உடம்பில் தண்ணீர் புகாத உடுப்பு. "கடலால தப்பி வந்தவர், இப்ப ஏரிக்குள்ள விழுறார்" என்று மனைவி சொந்தக்காரரிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த ஐப்பசியில் அவளுக்கு ஏழு மாதம். முந்தைய பிள்ளை ஆறாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்திருந்தது. அதனால் எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். மனைவி வயிற்றோடு இருக்கும்போது கணவன் செத்தவீட்டுக்குப் போவதில்லை என்பது எங்கள் வழக்கம். அதைக்கூட ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

நாங்கள் இறங்கியது, மூழ்கிய கப்பல்களின் எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு பழைய மரக்கப்பலுக்கு. பெயர் எழுதியிருக்க வேண்டிய பின்பக்கம் உடைந்து கிடந்தது. குளிர் கையுறைக்குள்ளும் கடித்தது. அந்தத் தண்ணீரில் மரம் உக்குவதில்லை. கயிறுகூடச் சுற்றி வைத்தபடியே இருந்தது. ஓர் அறைக்குள் விளக்கை அடித்தேன். ஒரு சப்பாத்து. அதற்குள் கால் எலும்பு.

நான் ஒன்றையும் தொடவில்லை. மேலே வந்ததும் நண்பர் பொலிசுக்கு அறிவித்தார். எனக்கு மனைவியின் வயிறுதான் நினைவில் நின்றது. செத்தவரைப் பார்த்துவிட்டு எப்படி அப்படியே வீட்டுக்குள் போவது? அஜின்கோர்ட்டில் இருந்த வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு நீச்சல்குளத்துக்கு முன்னால் காரை நிறுத்தி, உள்ளே போய்த் தலையோடு குளித்தேன். அவளிடம் மூச்சு விடுவதில்லை என்று முடிவு.

கதவைத் திறந்தவள் என் ஈரத்தலையைப் பார்த்தாள். வழக்கமாக ஏரி நாற்றத்தோடு வந்து நேரே சோற்றுப்பானையைத் திறக்கிறவன் நான்.

"தோய்ஞ்சிட்டு வாறியள். ஆர் செத்தது?"

பொய் வாயில் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆரெண்டு தெரியாதோ?"

"தெரியாது. கப்பலுக்கே பேர் தெரியேல்லை."

ஏசுவாள், அழுவாள் என்று காத்து நின்றேன். அவள் குசினிக்குள் போய், அடுப்பிலிருந்த மீன்குழம்பை மூடி பிறிட்ஜுக்குள் வைத்தாள். பருப்பைக் கழுவத் தொடங்கினாள்.

"செத்தவீடெண்டால் மச்சம் தின்னலாமே?" என்றாள்.

"அந்த மனுசன் எங்களுக்கு ஆரப்பா?" என்றேன்.

"எங்கட முந்தின பிள்ளைக்கும் பேர் வைக்கேல்லைத்தானே." அவள் என்னைப் பார்க்கவில்லை. "ஆஸ்பத்திரியில இருந்து என்னைக் கூட்டிக்கொண்டு வரேக்க நீங்கள் கோழி வாங்கினனீங்கள். நானும் திண்டனான்."

அவளுக்கு உடம்பு தேறட்டும் என்றுதான் வாங்கினேன். எங்களுக்குச் செத்தவீட்டுத் துடக்கு முப்பத்தொரு நாள். அவ்வளவு நாளும் எங்கள் வீட்டில் மச்சம் காய்ச்சவில்லை.