ஈரமும் பசையும்

மருந்துக்கடை கவுன்டரில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது பாதி வேலைதான்; மீதி, ஒரே மாதிரி தெரியும் இரண்டு டப்பாக்களுக்கு வித்தியாசம் சொல்லியே தொண்டை வற்றுவது. என்னைப் போல கவுன்டருக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும். கோரிப்பாளையத்தில் எங்கள் கடைக்கு வெயில் காலத்தில் தோல் காய்ந்துபோய் வருகிறவர்கள் அதிகம். அலமாரியில் ஒன்று ஹைட்ரேட்டிங் ஜெல், மற்றொன்று மாய்ஸ்சரைசிங் கிரீம். தமிழில் இரண்டுக்கும் ஈரப்பதம் என்றே சொல்லித் தொலைக்கிறோம்.

பசை இல்லாத அண்ணன்

வாடிப்பட்டி அண்ணன் ஒருவர் முழங்கை வெடித்துப்போய் வந்தார். ஜெல் மட்டும் போதும் என்றார். ஜெல் தோலுக்குத் தண்ணீர் காட்டும், அந்தத் தண்ணீர் ஓடிப்போகாமல் பிடித்துவைக்க மேலே பசையான கிரீம் வேண்டும் என்று விளக்கினேன். அத்தோடு விட்டிருக்கலாம். "உங்ககிட்ட பசையே இல்லண்ணே" என்று வேறு சேர்த்துவிட்டேன். அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னை முறைத்தார்.

"பசை இருந்தா நான் ஏன்டா இந்த வெயில்ல பஸ்ஸுல தொங்கிட்டு வாரேன்?"

முகத்துக்கு ஓ.ஆர்.எஸ்.

துணிக்கடை வைத்திருக்கும் சௌராஷ்டிரா அம்மா ஒருவர். ஹைட்ரேட் பண்ணினால் முகம் பளபளக்கும் என்று போனில் பார்த்துவிட்டு, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கேட்டார். குழைத்து முகத்தில் பூசவாம். அது வயிற்றுப்போக்குக்குக் குடிப்பது என்றேன். யோசித்துவிட்டுக் கேட்டார்:

"அப்ப குடிச்சா மூஞ்சி வரைக்கும் போகாதா, கழுத்தோட நின்னுருமா?"

விழாத ரேகை

செல்வியக்கா கப்பலூரில் அட்டைப்பெட்டி கம்பெனியில் வேலை பார்ப்பவர். நாள் முழுக்க அட்டையைத் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியெல்லாம் வறண்டு வழவழவென்று ஆகியிருந்தது. கம்பெனி வாசலில் வருகைப் பதிவுக்குப் புதிதாக ரேகை மெஷின் வைத்தார்கள். அக்காவின் ரேகை விழவே இல்லை. திங்கட்கிழமையும் விழாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். பயத்தில் வாஸ்லினை அள்ளி அப்பிக்கொண்டு போக, மெஷின் கண்ணாடியே மங்கி, பின்னால் நின்றவர்களிடம் ஏச்சு வேறு. சொல்லும்போதே அக்காவுக்குக் கண் கலங்கியது. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

காய்ந்த விரலில் எம்புட்டு அப்பினாலும் உள்ளே தண்ணீர் இல்லாவிட்டால் பிரயோஜனம் இல்லை என்றேன். ராத்திரியும் காலையிலும் கையைத் தண்ணீரில் நனைத்து, ஒற்றி எடுத்து, ஈரம் இருக்கும்போதே கிரீமைக் கொஞ்சமாகத் தடவச் சொன்னேன். மெஷினில் வைக்கும் முன்னால் மிச்சத்தை முந்தானையில் துடைத்துவிட வேண்டும். சொல்லிவிட்டேனே தவிர, திங்கட்கிழமை பகல் முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

சாயங்காலம் வந்தார். கட்டைவிரலை என் முன்னால் நீட்டிக் காட்டினார்.

"விழுந்துருச்சு தம்பி. அந்த மெஷினு 'தேங்க் யூ'ன்னு சொல்லுது. இத்தன வருசத்துல அந்தக் கம்பெனியில எனக்கு யாரும் அப்பிடிச் சொன்னதில்ல."

விரல் காய்ந்தால் தடவ என்னிடம் இரண்டு டப்பா இருக்கிறது. சூப்பர்வைசர்களுக்கு எதைத் தடவுவது என்றுதான் எந்த டப்பாவிலும் போட்டிருக்கவில்லை.