அஞ்சலை அக்கா எடுக்க மறுத்த வரி

பால் பூத்தில் வரிசையில் நிற்கும்போதுதான் சேதி வந்தது. "அஞ்சலை விடிகாலையில போயிடுச்சாம்" என்று முன்னால் நின்றவர் திரும்பிச் சொன்னார். அன்றைக்கு அக்காவைச் சீண்ட ஒரு கேலியை யோசித்துக்கொண்டுதான் நின்றிருந்தேன். பால் வாங்காமலே திரும்பிவிட்டேன். நம் மாதர் சங்கத்தில் அக்காவைப் பற்றி என்னை எழுதச் சொன்னீர்கள். நான் எழுதினால் நடுவில் சிரிப்பும் வரும். அக்கா என்னைப் பொறுத்துக்கொண்டவர், நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருநெல்வேலிப் பக்கம். வீட்டுக்காரர் வேலைக்காக நெய்வேலிக்கு வந்தவள், மூன்றாம் வகுப்போடு நின்றவள். அக்கா இந்த மண்ணுக்காரர், பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். அவர்கள் தெரு இருந்த இடத்தில் சுரங்கம் வந்தது. அவர் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் வேலை பர்மனென்ட் ஆகி, எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. பெண்களுக்கான சாயங்கால வகுப்பில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. அவர் எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது, "ஷிப்ட் முடியறதுக்குள்ள அந்த வரி முடியுமா அக்கா?" என்பேன். "நீ வேகமா தப்பா படிக்கிற. நான் மெதுவா சரியா படிச்சிக்கினு இருக்கேன்" என்பார்.

எங்கள் தெருக்குழாயில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. அக்கா வரிசையில் சேர்ந்து நிற்கக்கூடாது. எல்லோரும் பிடித்துப் போனபிறகுதான் அவர் முறை. அதில் கண்டிப்பானவர் என் மாமியார். ஒருநாள் மாமியார் எங்கள் வீட்டுப் புதுப் பிளாஸ்டிக் வாளியை வரிசையில் வைத்திருந்தார். வெறும் வாளி, ஒரு காற்று அடித்ததும் தெருவில் உருண்டு ஓடியது. அக்கா ஓடிப்போய்ப் பிடித்து, "இந்தாங்கம்மா" என்று நீட்டினார்.

மாமியார் திகைத்துப்போனார். அக்கா தொட்டது மண்பானை என்றால் உடைக்க வேண்டும். பித்தளை என்றால் புளி போட்டுத் தேய்க்க வேண்டும். பிளாஸ்டிக்கை என்ன செய்வது? "ஊருக்குக் கடுதாசி போட்டுக் கேப்போமா அத்தை?" என்றேன். முறைத்துவிட்டு, வாளியை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்ப் புளி போட்டுத் தேய்த்தார். பிளாஸ்டிக்குக்குப் புளி போட்டவர் இந்த உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். அதைப் பார்த்துக்கொண்டே அக்கா கடைசி ஆளாகத் தண்ணீர் பிடித்தார்.

கொஞ்ச நாளில் 'சமூக வாழ்வில் பிளாஸ்டிக்' என்று டவுன்ஷிப் மாணவர்களுக்கு ஒரு கட்டுரைப் போட்டி அறிவித்தார்கள். அக்கா நேராக எங்கள் சாயங்கால வகுப்பு டீச்சரிடம் போய்ப் பேர் கொடுத்தார்.

"இது மாணவர்களுக்கு அஞ்சலை."

"தெனம் பேரு கூப்புட்டு ஆஜர் எடுக்கிறீங்களே டீச்சர், அப்ப நான் யாருங்க?"

டீச்சர் நல்லவர். சிரித்துவிட்டுப் பேரை எழுதிக்கொண்டார். ஆனால் கட்டுரையைப் படித்ததும் முகம் மாறியது. "வாளி லேசா இருக்கு, இடுப்பு நோகாதுன்னு எழுதினது எல்லாம் நல்லா இருக்கு. கடைசியில அந்தச் சங்கதி எதுக்கு? அதை எடுத்துட்டா பரிசு உனக்குத்தான்."

"அத எடுத்துட்டா மிச்சம் இருக்கிறது வாளி விக்கிறவன் கூவுறதுதான் டீச்சர்" என்றார் அக்கா. எடுக்கவில்லை.

போட்டி நாளன்று ஹாலில் நல்ல கூட்டம். விழா என்றால் விடாத என் மாமியார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் எல்லோரும் விஞ்ஞானத்தின் அற்புதம் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார்கள். அக்கா ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். கடைசி வரிக்கு வந்தார். "மண்ணுக்கு ஒரு சட்டம், பித்தளைக்கு ஒரு சட்டம் வைத்தார்கள். பிளாஸ்டிக்குக்கு இன்னும் யாரும் சட்டம் வைக்கவில்லை. வைப்பதற்குள் நாங்களும் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்துக்கொள்கிறோம்."

என் மாமியார் எழுந்து, "என்னத்தான் சொல்றா" என்றார்.

"ஆமாங்கம்மா, உங்களத்தான்" என்றார் அக்கா, குரலை உயர்த்தாமல்.

முதலில் சிரித்தது நான்தான். அப்புறம் ஹாலே சிரித்தது. பரிசு வேறொரு பையனுக்குப் போனது. அக்கா கைதட்டினார்.

மறுநாள் காலையில் குழாயடியில் அக்கா ஒதுங்கவில்லை. தன் குடத்தை எங்கள் வாளிக்குப் பின்னால் வைத்துவிட்டு நின்றார். எல்லோரும் மாமியார் முகத்தைப் பார்த்தோம். அவர் எங்கள் வாளியைக் குழாய்க்கு அடியில் நகர்த்திவைத்தார். பிறகு, "இருக்கட்டும். காத்தடிச்சா வாளிய யாரு ஓடிப் புடிக்கிறது" என்றார். அத்தோடு அந்த வழக்கம் எங்கள் தெருவில் முடிந்தது.

இத்தனை வருஷம் யாராவது கேட்டால் பக்கத்து வீட்டு அக்கா என்றுதான் சொல்லிவந்தேன். அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்ள அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. டவுன்ஷிப்பில் அவரவர் பிள்ளை எந்தக் காலேஜ், யாரோடு படித்தான் என்று பெருமை பேசுகிறார்கள். பேசட்டும். நான் அஞ்சலையோடு படித்தவள்.