கேன்சல் செய்யப்பட்ட குலசிங்கம்

கனடாவில், ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் கல்யாணச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கும் கம்பனி ஒன்றுக்குக் கணக்கு எழுதுபவர் புனிதவதி. உறவுக்காரர் சேர்ந்து பங்கு போட்டுத் தொடங்கிய கம்பனி. அவர் கணவர் குலசிங்கமும் பங்குக்காரர். புனிதவதி கணக்கியல் படித்தது பழைய கடையில் வாங்கிய ஓர் அமெரிக்கப் புத்தகத்தில். அதற்கு எதிராக யாராவது வாய் திறந்தால் தொலைந்தார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் இலங்கையில் சண்டை முடிந்தது. ஸ்காபரோ முழுக்க அழுதது, இவர்களும் அழுதார்கள். அடுத்த தை மாதம், வாசலில் பனி வழித்துக்கொண்டு நின்ற குலசிங்கத்துக்கு வேறு யோசனை வந்தது.

"இனி என்னத்துக்கு இந்தச் சீவியம்? பங்கை வித்துப்போட்டு ஊருக்கு, கைதடிக்கே போறன். நீரும் வாரும்."

"நான் வரேல்லை" என்றார் புனிதவதி. போகாதேயுங்கோ என்று சொல்ல ரோசம் விடவில்லை.

குலசிங்கத்தின் பங்கைக் கம்பனியே திரும்ப வாங்கியது; அவர் விமானம் ஏறினார். திறைசேரிப் பங்கு டெபிட், காசு கிரெடிட் என்று புனிதவதி பதிந்தார்.

"உது என்ன பங்கு, தங்கச்சி?" என்றார் முதலாளி கஸ்பர் அண்ணை.

"கம்பனி தன்ர பங்கைத் தானே வாங்கி மேசை லாச்சிக்குள்ள வைக்கிறது. வோட்டு இல்லை, இலாபத்தில பங்கு இல்லை. ஆனா செத்துப்போகேல்லை. எப்பவும் திருப்பி வெளியில விடலாம்."

வருசக் கணக்குப் பார்க்க வந்த சென்னைக்காரர் வெங்கட் தலையில் கை வைத்தார். "அக்கா, இது அமெரிக்கா வழக்கம். இந்த ஒன்டாரியோல திரும்ப வாங்கின பங்கை கேன்சல் பண்ணிடணும்."

"ஆள் திரும்பி வந்தா?"

"புதுசா இஷ்யூ பண்ணிக்கலாம்க்கா."

வேண்டாவெறுப்பாக எழுதினார்: பங்கு மூலதனம் டெபிட், திறைசேரிப் பங்கு கிரெடிட். அன்றைக்கும் ஓர் ஆளுக்கென்று அரைச் சுண்டு அரிசி போட்டுத் தனியே சாப்பிட்டார். பாவம், அதிலும் மிச்சம்.

சித்திரை முடிவதற்குள் குலசிங்கம் பெட்டியோடு வாசலில் நின்றார். உடம்பெல்லாம் நுளம்புக் கடி.

"பனி எண்டாலும் கடிக்காது" என்றார். "சொந்தக்காரர் வேற, எப்ப திரும்பிப் போறியள் எண்டு ஒவ்வொரு நாளும் கேட்டுச்சினம். என்ர பங்கு இருக்கோ?"

"கேன்சல்."

குலசிங்கத்தின் முகம் செத்துவிட்டது. "அப்ப நான்?"

"நீங்களும் புது இஷ்யூதான். டைரக்டர் முடிவெடுக்க வேணும்."

"ஆர் டைரக்டர்?"

"இந்த வீட்டில நான்தான்."

குலசிங்கம் கோப்பை கழுவப் போனார்.

அந்த வாரமே புதுப் பங்கு கொடுத்தார்கள். காசு டெபிட், பங்கு மூலதனம் கிரெடிட். இதற்கிடையில் பங்கின் விலை ஏறியிருந்தது. குலசிங்கம் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்.

"கூடின காசு லாபந்தானே, தங்கச்சி?" என்று கஸ்பர் அண்ணை ஆசையாகக் கேட்டார்.

"பங்கு குடுத்து வாற காசை லாபம் எண்டு எழுதக்கூடாது" என்றார் புனிதவதி, முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்து ஒரு முழுச் சுண்டு அரிசி அளந்து போட்டார். போட்டுவிட்டு, இன்னும் ஒரு பிடி சேர்த்தார்.